ஹயாத் பாஷாவின் எகிப்துக் குதிர்

ஹயாத் பாஷா எகிப்துக்குப் போனதில்லை. பாரிசுக்கும் போனதில்லை. மெட்ராசுக்கே ஃபிலிம் சுருள் வாங்கத்தான் போவார், வாங்கிய கையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஆனால் எங்கள் வட்டாரத்துப் புது ஜோடிகளில் பாதிப் பேரை வெளிநாட்டுக்கு அனுப்பி வைத்தவர் அவர்தான். மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்துக்குப் பன்னிரண்டில் அவருடைய போட்டோ ஸ்டுடியோ. உள்ளே மூங்கிலில் சுருட்டிக் கட்டிய நாலு திரைகள்: தாஜ்மகால், ஈபிள் கோபுரம், பைசா கோபுரம், எகிப்து பிரமிடு.

வெளியே பல்லவ ராஜா கல்லைக் குடைந்து வைத்ததெல்லாம் சும்மா நிற்கிறதே, அங்கே நின்று எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். வெள்ளைக்காரன் விமானம் ஏறி வந்து பார்க்கிறான். நம் ஆட்களுக்கோ அது ஆடு ஏறி நிற்கிற பாறை. "அதத்தான் தெனிக்கும் பாக்கறமே" என்பார்கள்.

திரைகளை வரைந்தவன் சினிமா பேனர் துரை. பைசா கோபுரம் சாய்ந்திருக்கும் படத்தைக் கொடுத்தால், "இத அப்டியே வரைஞ்சா துரைக்குக் கை நடுங்குதுன்னு சொல்லுவானுங்க" என்று நட்டக்குத்தலாக நிமிர்த்திவிட்டான். இத்தாலிக்காரர்களால் எண்ணூறு வருஷமாக முடியாததை ஒரே மத்தியானத்தில் முடித்தான்.

பாஷாவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கழுக்குன்றத்தில் கழுகு பார்த்துவிட்டுக் கடல் பார்க்க வருகிற புது ஜோடிகள் எல்லோரும் தாஜ்மகாலைத்தான் கேட்பார்கள். அவர் அந்தத் திரையை அவிழ்க்கவே மாட்டார்.

"புதுப் பொண்ணு மாப்ளய இட்டாந்து கபுரு முன்னாடி, பொணம் பொதச்ச எடத்துல நிக்க வெக்கறதா? நம்ம கையால ஆவாது" என்பார். வாசல் வரை வந்த வியாபாரம் அடுத்த கடைக்குப் போகும். போகட்டும் என்பார்.

அதற்குப் பதிலாக அவர் அவிழ்ப்பது பிரமிடு. "இது மிஸ்ரு நாட்டுல, அதான் எகிப்துல, யூசுப் நபி பஞ்ச காலத்துக்கு தானியம் சேத்து வெச்ச குதிரு. இதுக்கு முன்னாடி நின்னா உங்க வூட்ல அரிசிப்பானை காலியாவாது." யார் சொல்லி இதை நம்பினாரோ தெரியாது. படாளம், அச்சரப்பாக்கம் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கு இதைவிட நல்ல வாக்கு வேண்டுமா? ஆற்காட்டு நவாபு தோரணையில் குதிருக்கு முன்னால் நின்றார்கள்.

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்தேன். நான் ஜானகிராமன், பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். யாராவது தப்பாக ஒன்றைச் சொன்னால் எனக்கு நாக்கு அரிக்கும். நாலு வருஷம் அடக்கி வைத்திருந்தேன். எழுபத்தைந்தாம் வருஷம் ஆடி மாதம், கல்யாணம் இல்லாத சும்மாப் பொழுதில், டீ குடித்துக்கொண்டே சொன்னேன்.

"பாய், அது குதிர் இல்ல. சமாதி."

"யாரோட சமாதி?"

"அந்த ஊர் ராஜாவோடது. நீங்க ஃபிர்அவ்ன்னு சொல்வீங்களே, அந்த வகையறா."

பாஷாவின் டீ கிளாஸ் கீழே இறங்கியது. தாஜ்மகாலாவது அன்பான மனுஷன் கட்டியது. இதுவோ மூசா நபியை விரட்டிய கூட்டத்தின் கல்லறை! நெகட்டிவ் கவர்களை எடுத்து அன்றைக்கே எண்ணினார். நாற்பத்தொரு ஜோடி.

"யாருக்கு இன்னா ஆச்சோ தெரியலியே வாத்தியாரே. போயி பாக்கணும். அந்தப் போட்டோவ வாங்கிகினு வேற எடுத்துத் தரணும். நீதான வாயத் தொறந்த? நீயும் வா."

ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு சைக்கிள்கள் கிளம்பின. முதல் வீடு கழுக்குன்றத்தில் வாசுதேவன் வீடு. நாங்கள் நுழையும்போது ஒரு அலுமினியச் சொம்பு உள்ளேயிருந்து பறந்து வந்து வாசலில் விழுந்தது. "பாத்தியா" என்று பாஷா என் கையைப் பிடித்தார். வாசுதேவனின் மனைவி அம்சா எங்களைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"ஒண்ணுமில்ல பாய். ரெட்டப் புள்ளைங்க பொறந்துகீது. எந்தப் புள்ளைக்கு யாரு பேர வெக்கறதுன்னு பேசிகினு கீறோம்."

படாளத்தில் லட்சுமணன் போட்டோவைத் தொடவே விடவில்லை. "குதிரு வேல செய்யிது பாய்! இந்த போகம் முப்பது மூட்ட" என்றான். அவனிடம் போய் சமாதி என்று எப்படிச் சொல்வது? இருவரும் மோர் குடித்துவிட்டு எழுந்துவிட்டோம். மேலும் பல ஞாயிறுகள் போயின. எல்லோரும் நன்றாகவே இருந்தார்கள், சிலர் கொழுத்தும் இருந்தார்கள். பாஷாவுக்கு முகம் தெளிந்துவிட்டது. திரும்பும் வழியில் சினிமாப் பாட்டு முணுமுணுத்தார். நானும் என் வாயை மன்னித்துவிட்டேன்.

கடைசிக் கவர் அச்சரப்பாக்கத்துக் கருப்பன், சரோஜா. கூரை வீடு. கதவைத் திறந்த பெண்ணின் நெற்றியில் பொட்டு இல்லை, கழுத்தில் ஒன்றும் இல்லை. அவளுக்கு இருபத்திரண்டு வயதுகூட இருக்காது. பாஷா சைக்கிளை நிறுத்த மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். என் வாயில் நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

கருப்பனைப் போன வருஷம் கரும்புத் தோட்டத்தில் பாம்பு கடித்துவிட்டதாம். சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். பாஷா குடிக்கவில்லை.

"அம்மா, நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அது குதிரு இல்லம்மா, சமாதி. புது ஜோடிய நான் சமாதி முன்னாடி நிக்க வெச்சிட்டேன். எனக்குத் தெரியாது. ஆண்டவன் மேல சத்தியமாத் தெரியாது." அறுபதை நெருங்கிய மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

"அழாதீங்க பாய். கடிச்சது பாம்பு. உங்க துணி இன்னா பண்ணும்?" என்றாள் சரோஜா.

பிறகு சுவரிலிருந்த போட்டோவைக் கழற்றிக் கொண்டுவந்தாள். கருப்பன் எண்ணெய் வழிய வாரிய தலையோடு, இரவல் கைக்கடிகாரம் தெரியும்படி கையை மடித்து நின்றான். பாஷா அதை வாங்கிப்போகத்தான் வந்திருக்கிறார் என்று புரிந்து, கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

"சமாதின்னா, நெஜத்துல எம்மாம் பெரிசு?"

பாஷா என்னைப் பார்த்தார். "கழுக்குன்றம் மலை உயரம் இருக்கும்மா" என்றேன்.

"எத்தினி நாளா கீது?"

"நாலாயிரத்து ஐந்நூறு வருஷமா."

அவள் மடியிலிருந்த போட்டோவைக் குனிந்து பார்த்தாள். "இவர எரிச்ச எடத்துல மழத்தண்ணி பூந்து தடமே இல்ல. ஒரு கல்லாவது நடலாம்னு மாமனாரக் கேட்டேன், நமக்கு அந்த வழக்கமில்லன்னுட்டாரு. இவரு பின்னாடி இம்மாம் பெரிசா ஒண்ணு நின்னுகினு கீது, எனக்குத்தான் தெரியாமப் பூட்ச்சி."

விரலால் படத்தின் மேல் விளிம்பைத் தடவினாள். பாஷா முகம் பெரிதாகத் தெரியவேண்டும் என்று பிரிண்ட் போடும்போது மேலே பிரமிடின் உச்சியை வெட்டியிருந்தார்.

"இத பெருசு பண்ணித் தருவீங்களா பாய்? உச்சி வரிக்கும் தெரியணும்."

பாஷா சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உச்சி கீதும்மா. நெகட்டிவ்ல முழுசா கீது" என்றார்.