நாலு பேருக்கு ஏற்ற விளையாட்டு

எங்கள் சபை அலமாரியில் வாலிபர் கூட்டங்களுக்கான விளையாட்டுப் புத்தகம் ஒன்று இருந்தது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும், பிள்ளைகளை முதலில் இரண்டு அணிகளாகப் பிரிக்கச் சொல்லும். அணிக்கு எட்டுப் பேர், சில ஆட்டங்களுக்குப் பன்னிரண்டு பேர். நாங்கள் மொத்தமே நாலு பேர். கூட்டத்தை நடத்தும் கண்ணாடி அக்காவைச் சேர்த்தால் ஐந்து.

அக்கா அந்தப் புத்தகத்தை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வோர் ஆட்டத்தையும் எங்களுக்கு ஏற்றபடி மாற்றி எழுதினாள். முதலில் அவள் தூக்கி எறிந்தது 'அவுட்' என்ற சமாச்சாரத்தை. நாற்பது பேரில் ஒருவன் அவுட் ஆனால் யாருக்கும் தெரியாது. நாலு பேரில் ஒருத்தி அவுட் ஆனால் கூட்டத்தில் கால்வாசி சுவரோரம் போய் உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் ஆட்டங்களில் யாரும் வெளியே போக மாட்டார்கள். எல்லோரும் சேர்ந்து ஜெயிப்போம், அல்லது எல்லோரும் சேர்ந்து தோற்போம்.

அக்காவுக்குக் கண்ணாடிக்கடையில் வேலை. வாடிக்கையாளர்கள் நிற்கும் முன்பக்கம் இல்லை, திரைக்குப் பின்னால். ஃபிரேமின் வடிவத்துக்கு லென்ஸை இழைத்துப் பொருத்துவது அவள் பொறுப்பு. காலையிலிருந்து நின்றுகொண்டே செய்யும் வேலை. இழைக்கும் மெஷினில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். லென்ஸ் மாவு தண்ணீரோடு குழைந்து அவள் நகக்கண்ணில் வெள்ளையாக உட்கார்ந்திருக்கும். சனிக்கிழமை ஐந்து மணிக்குக் கடையில் சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாக வருவாள். கையைக் கழுவக்கூட நேரம் இருக்காது.

அவளுக்குப் பதினாறு வயதானபோது எங்கள் சபையில் வாலிபர் என்று இருந்தது அவள் ஒருத்திதானாம். வாலிபர் ஞாயிறு அன்று போதகர் பிரசங்க மேடையிலிருந்து, "வாலிபர்கள் எல்லாரும் எழுந்து நில்லுங்க, உங்களுக்காக ஜெபிக்கலாம்" என்று சொன்னாராம்.

"நீங்க என்னக்கா பண்ணீங்க?" என்று கேட்டேன்.

"பாதி எழுந்தேன். யாராவது கூட எழுந்தா முழுசா எழுந்துக்கலாம்னு பார்த்தேன். ஜெபம் முடியிற வரைக்கும் முழங்காலை மடக்கிக்கிட்டே நின்னேன். அன்னைக்கு ஐயா ஜெபமும் கொஞ்சம் நீளம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் தையல்காரரின் இரண்டு மகள்கள் சபைக்கு வர ஆரம்பித்த மாதமே அவள் போதகரிடம் போய், சபையின் பக்கத்து அறையைச் சனிக்கிழமைகளில் கேட்டு வாங்கினாள். பெரியவளையும் சின்னவளையும் வைத்துத் தொடங்கிய கூட்டம் அது. பிறகு எலக்ட்ரீஷியன் மகன் வந்தான். உயரம் காரணமாக அவனுக்கு நெட்டை என்று பெயர். கடைசியாக நான்.

அக்காவின் விளையாட்டுச் சாமான் எல்லாம் கடையில் கழித்துப் போட்டவை. லென்ஸ் வரும் சின்னக் காகித உறைகள் அறுபத்தாறை எடுத்து, ஒவ்வொன்றிலும் வேதாகமத்தின் ஒரு புத்தகப் பெயரை எழுதியிருந்தாள். தரையில் கொட்டிக் கலைத்துவிடுவாள். ஆதியாகமத்திலிருந்து கடைசிவரை நாலு பேரும் சேர்ந்து வரிசையாக அடுக்க வேண்டும். எதிர் அணி கிடையாது. போன வாரம் நாங்கள் எடுத்துக்கொண்ட நேரம்தான் எதிராளி. செப்பனியாவும் ஆகாயும் வரும் இடத்தில் வாரம் தவறாமல் சண்டை வரும்.

"ஆகாய் முன்னாடி வரும்டா" என்பேன் நெட்டையிடம்.

"உங்க வீட்டு வேதாகமத்துல வரும். எங்க வீட்டுல செப்பனியாதான்."

"ரெண்டு பேரும் வாயை மூடிட்டு கையை ஓட்டுங்க. போன வாரம் நம்மள முந்துது" என்பாள் பெரியவள்.

வேதாகமத்தில் வரும் பார்வையற்ற பர்திமேயுவின் பெயரில் ஓர் ஆட்டம், எனக்கு ரொம்பப் பிடிக்கும். உடைந்த ஃபிரேம் ஒன்றில் கறுப்பு டேப் ஒட்டிய கண்ணாடி. அதைப் போட்டால் வெளிச்சம் மட்டும் மங்கலாகத் தெரியும். அறை முழுக்க நாற்காலிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு, ஒருவர் நடக்க, மற்ற மூவரில் ஒருவர் மட்டும் உண்மையான வழி சொல்ல வேண்டும். மற்ற இருவரும் கூட்டத்து ஜனங்கள், சும்மா சத்தம் போடுவார்கள். எந்தக் குரலை நம்புவது என்று நடக்கிறவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். நெட்டை நடக்கும்போது சின்னவள் வேண்டுமென்றே, "குனி, குனி, ஃபேன் இடிக்கும்" என்பாள். அவனும் ஒவ்வொரு தடவையும் குனிவான்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அதற்குள் சபைக் கமிட்டிக்கு அந்த அறையின் மேல் கண் விழுந்தது. புதிதாக வாங்கிய நாற்காலிகளை அடுக்க இடம் வேண்டுமாம். நாலு பிள்ளைகளுக்கு ஒரு அறை எதற்கு, பெரிய சபையில் நாற்பது பேர் கூடும் கூட்டம் இருக்கிறதே, இரண்டு பஸ் மாறினால் போய்விடலாமே என்றார்கள். செயலாளராக இருந்த மருந்துக்கடை மாமா நியாயஸ்தர்தான். இந்த மாதம் ஏதாவது ஒரு சனிக்கிழமை சொல்லாமல் வந்து பார்க்கிறேன், அக்காவோடு சேர்த்து ஐந்து பேராவது இருந்தால் அறை உங்களுக்கே, குறைந்தால் நாற்காலிக்கு என்று சொல்லிவிட்டார்.

அக்கா எங்களைக் கெஞ்சவில்லை. "இந்த மாசம் யாரும் மட்டம் போடாதீங்க, சரியா?" என்று மட்டும் கேட்டாள். அந்த மாதம் யாரும் மட்டம் போடவும் இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை, தொலைந்த ஆடு விளையாட்டு. இது கண்ணாமூச்சியைத் தலைகீழாகப் போட்ட ஆட்டம். ஒருவர் மட்டும் ஒளிய வேண்டும், அவர்தான் ஆடு. மற்ற எல்லோரும் மேய்ப்பர்கள், தனித்தனியாகத் தேட வேண்டும். கண்டுபிடித்தவர் சத்தம் போடாமல் ஆட்டோடு தானும் ஒளிந்துகொள்ள வேண்டும். கடைசி மேய்ப்பர் வந்து சேரும்வரை யாரும் மூச்சுவிடக் கூடாது. அன்றைக்குச் சின்னவள் ஆடு. வேதாகமங்களை நாற்காலிகளில் வைத்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் போனோம்.

ஆராதனை மண்டபத்து மேடை மரத்தால் ஆனது, உள்ளே கூடு. பக்கவாட்டில் பழைய கம்பளங்களைத் திணிக்க ஒரு சின்னக் கதவு. சின்னவள் அதற்குள் போய்விட்டாள். அக்கா கண்டுபிடித்து உள்ளே போனாள், பிறகு பெரியவள், பிறகு நெட்டை. கடைசி மேய்ப்பர் நான்.

திரைக்குப் பின்னால் பார்த்தேன். போதகரின் மேஜைக்கு அடியில் பார்த்தேன். வெளியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்ப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆனது. எல்லோரும் எங்கேயோ ஒன்றாக உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு எதிலும் பொறுமை கிடையாது, இன்றைக்கும் கிடையாது. போங்க, நீங்களே விளையாடிக்கோங்க என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்துவிட்டேன்.

நான் தெரு திரும்பியிருப்பேன், மருந்துக்கடை மாமா வந்தார்.

அறையில் விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஆள் இல்லை. மண்டபத்துக்குள் வந்து நின்றார். மேடைக்கு அடியில் நாலு பேரும் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டார்கள். நான்தான் என்று நினைத்தார்கள். சின்னவள் சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டாளாம். மாமா ஐந்து வேதாகமங்களையும் யாரோ மறந்துவிட்டுப் போனவை என்று அலமாரியில் ஒழுங்காக அடுக்கினார். எல்லா விளக்கையும் ஃபேனையும் அணைத்தார். கதவைப் பூட்டிக்கொண்டு போனார். பயம் காட்டுவதற்காக நான்தான் விளக்கை அணைத்தேன் என்று நினைத்து, அவர்கள் இன்னும் இருபது நிமிஷம் கம்பளத்துத் தூசிக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

பிறகு உள்தாழ்ப்பாள் போட்டிருந்த பக்கக் கதவைத் திறந்து வெளியே வந்து என்னைத் தேடியிருக்கிறார்கள். தொட்டியில் விழுந்துவிட்டேனோ என்று அக்கா பயந்துபோனாளாம். எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தபோது அவள் தலை முழுக்கத் தூசி. நான் உள்ளே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டுக்கு வந்துட்டியா, நல்லது" என்றாள்.

அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "என்னம்மா இது, கூட்டத்துக்குப் போனியா, வெள்ளையடிக்கப் போனியா?"

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. அக்காவைக் கூப்பிட்டார்கள். நான் கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

"நான் வந்தப்ப ஒரு ஈ காக்கா இல்ல" என்றார் மருந்துக்கடை மாமா. "ஃபேன் மட்டும் சுத்திக்கிட்டிருந்துச்சு."

"இருந்தோம் மாமா. மேடைக்கு அடியில."

கமிட்டியில் இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். போதகர் சிரிக்கவில்லை. "அவர் உள்ள வந்தது தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது ஐயா. கண்டுபிடிக்கிறவரைக்கும் வெளிய வரக்கூடாது, அதான் ஆட்டம்."

"சரி, அடியில எத்தன பேரு?" என்று மாமா கேட்டார்.

நான் தொட்டிப் பக்கம் தேடிக்கொண்டிருந்தேன் என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அது கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை உண்மையாகவும் இருந்தது. அக்கா தரையைப் பார்த்தாள். "நாலு" என்றாள்.

உள்ளே போய், "நான் பாதியில வீட்டுக்குப் போயிட்டேன் மாமா. தேடித் தேடிச் சலிச்சிடுச்சு. நான் போகாம இருந்தா அஞ்சு" என்றேன்.

"பார்த்தீங்களா" என்றார் மாமா, கோபமில்லாமல். "பிள்ளைங்களுக்கே சலிக்குது. அங்க நாற்பது பேரோட இருந்தா இப்படிச் சலிக்குமா?"

காப்பாற்ற நினைத்து நான் சொன்னதுதான் கூட்டத்தின் சவப்பெட்டிக்குக் கடைசி ஆணி. அடுத்த வாரம் அறையில் கூரைவரை நாற்காலிகள் ஏறின.

அக்கா போதகரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஐயா, வேற இடத்துல கூடினா தப்பா?" "அதுக்கு யாரும்மா தடை?" என்றார் அவர். அவள் கடை முதலாளியிடம் பேசி, கடை மூடியிருக்கும் ஞாயிறு மதியத்துக்குச் சாவி வாங்கினாள்.

அடுத்த மூன்று வருஷம் நாங்கள் கண்ணாடிக்கடையில்தான் கூடினோம். சுற்றிலும் கண்ணாடி அலமாரிகள், ஓட முடியாது, கையைக்கூட வீச முடியாது. அக்கா மறுபடியும் எல்லா ஆட்டத்தையும் மாற்றினாள். கண் பரிசோதிக்கும் அட்டையைப் போல ஒரு வசன அட்டை எழுதினாள். மேல்வரி கொட்டை எழுத்து, கீழே போகப் போகச் சிறுத்து, கடைசி வரி எறும்பு வரிசை. கோட்டில் நின்று படிக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத வரியை மனப்பாடமாகச் சொல்ல வேண்டும். நெட்டை இரண்டாவது வரியிலிருந்தே மனப்பாடமாகச் சொன்னான். நாங்கள் கைதட்டினோம். அக்கா மட்டும் கைதட்டாமல் அவனை உற்றுப் பார்த்தாள். மறுநாளே அவன் அப்பாவை அழைத்து வரச் சொல்லிப் பரிசோதிக்க வைத்தாள். அவனுடைய கண்ணாடியை அவளே இழைத்துக் கொடுத்தாள்.

நான் பாதியில் போனதைப் பற்றி அந்த மூன்று வருஷத்தில் அக்கா ஒரு தடவைகூடப் பேசவில்லை. நான்தான் ஒரு நாள் மன்னிப்புக் கேட்டேன். "அந்த ஆட்டத்துல தப்பு என்னோடதும்தான். தேடுறவங்களுக்கு நேரக்கணக்கு வச்சிருக்கணும்" என்றாள். சமாதானத்துக்காகச் சொன்னாளா, நிஜமாகவே ஆட்டத்தைத் திருத்திக்கொண்டிருந்தாளா என்று எனக்கு இன்னும் தெரியாது.

இப்போது நெட்டை வேறு ஊரில் படிக்கிறான். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது, ஞாயிறும் போக வேண்டும். நான் பள்ளியை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருவுக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இரண்டு மாதமாகக் கூட்டத்துக்கும் போகவில்லை. போன ஞாயிறு கடைப்பக்கம் போனபோது ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே பார்த்தேன். அக்காவும் சின்னவளும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு காகிதம்.

"ஒருத்தியை வச்சுக்கிட்டு என்ன விளையாட்டுக்கா?" என்று கேட்டேன்.

"அதைத்தான் ஒரு மணி நேரமா யோசிக்கிறாங்க" என்றாள் சின்னவள். "ரெண்டே பேரு சேர்ந்து யாரை ஜெயிக்கிறதுன்னே தெரியல."

"நீ இன்னும் எவ்வளவு நேரம் இருப்ப?" என்று அக்கா என்னிடம் கேட்டாள். காகிதத்தில் எழுதியதை அடிக்கலாமா வேண்டாமா என்பதற்காகத்தான் கேட்டாள்.

"முடியிறவரைக்கும்" என்றேன்.

அக்கா காகிதத்தைத் திருப்பிப் போட்டு, மூன்று பேருக்கு எழுத ஆரம்பித்தாள். நான் ஷட்டருக்கு அடியில் நுழைந்து உள்ளே போனேன்.