மேட்டுத் தெருவுக்கு முதல் தண்ணீர்

எல்லோரும் அவரைச் சாவிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். குடிநீர்த் துறையில் அவருக்கு வால்வு திறந்துவிடுகிற வேலை. இடுப்பளவு இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடிந்ததும் சைக்கிளில் கிளம்புவார். முதலில் அதிகாரிகள் குடியிருப்பு, பிறகு கடைத்தெரு, பிறகு அவர் வீடு இருந்த பெரிய தெரு, கடைசியாக மேட்டுத் தெரு. தெருவுக்கு முக்கால் மணி நேரம். வேலையில் சேர்ந்த அன்று யாரோ சொல்லிக்கொடுத்த வரிசை அது. பதினான்கு வருடமாக அதை அவர் மாற்றவும் இல்லை, ஏன் என்று கேட்கவும் இல்லை.

ஒரு நாள் குழாய் உடைப்பு பார்க்க மேட்டுத் தெருவுக்கு ஏறினார். கடைசி வீட்டுக் குழாயில் தண்ணீர் நூலாக வடிந்தது. குடத்தின் பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். திறந்த கதவு வழியே, கட்டிலில் எழ முடியாமல் கிடக்கும் அவள் கணவன் தெரிந்தான். வசவு விழப்போகிறது என்று சாவிக்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் திட்டவில்லை. "அண்ணே, எத்தன மணிக்கு நல்லா வரும்னு மட்டும் சொல்லிடுங்க. இங்கயே உக்காந்திருந்தா அவரு கூப்பிடுறது காதுல விழல. நேத்து ரொம்ப நேரம் ஈரத்துலயே கெடந்துட்டாரு."

மறுநாள் யாரையும் கேட்காமல் மேட்டுத் தெரு வால்வை முதலில் திறந்தார்.

மூன்றாம் நாளே பொறியாளர் கூப்பிட்டுவிட்டார். "உன் இஷ்டத்துக்கு மாத்த யாருய்யா அதிகாரம் குடுத்தது?"

சாவிக்காரர் தோளிலிருந்த சாவியை இறக்கி வைத்தார். "டேங்க் நெறஞ்சிருக்கும்போது விட்டாத்தான் சார் மேட்டுக்கு ஏறும். பள்ளத்துக்கு எப்ப விட்டாலும் எறங்கிடும். அவங்களும் கவர்மென்ட்டத்தான் சார் நம்பியிருக்காங்க. அவங்க கண்ணுக்குத் தெரியுற கவர்மென்ட்டு நான் ஒருத்தன்தான்."

"பெரிய மந்திரி!" என்று முறைத்த பொறியாளர், மறுநாள் காலை தானே மேடேறி வந்தார். கடைசி வீட்டுக் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. உள்ளே அந்தப் பெண் கணவனுக்கு முதுகு துடைத்துவிட்டுக்கொண்டிருந்தாள். பொறியாளர் இறங்கிப் போனார். அந்த வாரமே, மேட்டுத் தெரு முதலிலும் பெரிய தெரு கடைசியிலுமாக, புதிய வரிசை எழுத்தில் வந்தது, அவர் கையெழுத்தோடு.

பெரிய தெருவில் சிலர் சாவிக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்களுக்குத் தண்ணீர் குறையவில்லை. ஆனால் ஏழரைக்கு வந்துகொண்டிருந்தது இப்போது எட்டே காலுக்குத்தான் வந்தது. அவர் மனைவி தையல் கடைக்குக் கிளம்புகிற நேரம் அது.

"தண்ணிக்காரரக் கட்டிக்கிட்டும் எனக்குக் கடைசி எடந்தான்," என்றாள்.

"கோவமா?"

"கோவமிருந்தா டீ கெடச்சிருக்குமா உங்களுக்கு? குடிங்க, ஆறுது."

அதற்குப் பிறகு வீட்டுக் குடங்களை நிரப்புவது அவர் வேலையானது. கடைசி வால்வைத் திறந்ததும் ஓடி வருவார். சட்டை நனைய நனைய எல்லாவற்றையும் நிரப்பி, தட்டு போட்டு மூடிவிட்டு, அந்த ஈரச் சட்டையோடுதான் அலுவலகத்துக்குப் போவார்.