நோன்பு நாளில் வீசிய கயிறு

முந்திய வருஷம் என் தொங்கானைக் கொன்றவர் அவர், எனக்குப் பின்னால் நங்கூரம் போட்டிருந்த இன்னொரு தொங்கான்காரர். கப்பலிலிருந்து அரிசி மூட்டைகளை இறக்கிக் கரைக்குக் கொண்டுபோகும் படகு அது; எனக்கிருந்த ஒரே சொத்து. புயல்மழையில் நங்கூரம் பிடிவிட்டு நான் பின்னால் அடித்துக்கொண்டு போனபோது அவர் படகுக்குக் கயிறு வீசினேன். வாங்கிக் கட்டினார். காற்று இன்னும் ஏறியதும், தன் நங்கூரமும் பெயர்ந்துவிடும் என்று பயந்து, என் கண் முன்னாலேயே அந்தக் கயிற்றைக் கத்தியால் வெட்டிவிட்டார். படகு கரைக்கல்லில் மோதிச் சிதறியது. அப்புறம் செரங்கூன் ரோட்டு மாட்டுக் கொட்டகையில் சாணி அள்ளித்தான் பிழைத்தேன். ஒவ்வொரு கூடைக்கும் அவரைச் சபித்தேன்.

மறுவருஷம் மச்சானின் பழைய தொங்கான் என் கைக்கு வந்தது. நோன்பு மாதம். பிற்பகல் அஸர் தொழுகை வேளையில் மழைக்காற்று பிடித்தது. முன்னால் நின்ற படகு ஒன்று நங்கூரத்தை இழுத்துக்கொண்டு நேராக எங்கள்மேல் வந்தது. அவர் படகுதான். எப்போதும்போல நங்கூரக் கயிற்றைக் குறைவாக விட்டிருந்தார்; கயிறு குட்டையானால் நங்கூரம் மண்ணைக் கவ்வாது.

என் ஆட்கள் மோதலைத் தாங்கப் பழைய கயிற்றுச் சுருட்டைகளைப் படகின் பக்கத்தில் தொங்கவிட்டார்கள். நான் மூங்கில் கழியை ஊன்றித் தள்ளினேன். அவர் படகு உரசிக்கொண்டு பின்னால் போனது. அதற்கும் பின்னால் அதே கரைக்கல்.

“நானா! கயிறப் புடிங்க நானா!” என்னை அண்ணனாக்கிக் கத்திக்கொண்டே அவர் கயிற்றை வீசினார்.

பிடித்தேன். கட்டினேன். எங்கள் நங்கூரக் கயிற்றை இன்னும் நீளமாக விட்டேன். இரண்டு படகையும் தாங்கியது. பிறகு அந்த முடிச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு நன்றாகத் தெரியும்படி கத்தியைத் தீட்டினேன். நோன்பு வாயால் திட்டக்கூடாது. கத்தி தீட்டக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை.

“வேணாம் நானா. புள்ளகுட்டிக்காரன் நான்.”

கத்தியைத் திருப்பி மறுபக்கம் தீட்டினேன். காய்ந்த வாயோடு அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது காற்று அடங்கியது. பக்கத்துப் படகுக்காரனை விட்டுவிட்டு நோன்பு திறப்பது எங்களில் வழக்கமில்லை. கயிற்றைப் பிடித்து அவர் படகைக் கிட்டே இழுத்து, கோப்பையில் கஞ்சி நீட்டினேன்.

“நானா, அன்னைக்கி நான் செஞ்சது...”

“கஞ்சி ஆறுது. குடிங்க.”

குடித்தார். கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஒரே போடாகக் கயிற்றை வெட்டினேன். கடல் குளம்போலக் கிடந்தது. அவர் படகு அசையக்கூட இல்லை. அவர்தான் அலறினார், சுற்றி நின்ற படகுகளுக்கெல்லாம் கேட்கும்படி. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை.