பத்து வருஷத்துப் புஷ்

அன்று ஈப்போவில் சிலிபின் வட்டாரத்து ஸ்பேர்பார்ட் கடைக்குப் போனது அப்பா, மாமா, நான் என்று மூன்று பேர். அத்தை வரவில்லை. அவருக்காகத்தான் போகிறோம் என்பதால், அவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அத்தை அப்பாவின் அக்கா. வாரத்துக்கு மூன்று நாள் அவரை ஈப்போவுக்கு ரத்தம் கழுவக் கூட்டிப்போக வேண்டும். டயாலிசிஸ் என்ற சொல் ஆஸ்பத்திரிக் கடிதங்களில் மட்டும் இருந்தது. வீட்டில் அதற்கு ரத்தம் கழுவுவது என்றுதான் பெயர். எங்கள் தோட்டம் சிம்பாங் பூலாய்க்கு உள்ளே, ரப்பர் மரங்களை அழித்துச் செம்பனை நட்ட இடம். பெரிய சாலையைப் பிடிக்க ஆறு கிலோமீட்டர் செம்மண் பாதை. மழை பெய்தால் சாதாரணக் கார் பாதியில் நின்றுவிடும். அதற்காகவே அப்பா ஒரு கிழட்டு ஜீப் வாங்கியிருந்தார்.

அந்த ஜீப்பின் புஷ் எல்லாம் தேய்ந்துபோயிருந்தன. வண்டிக்கு அடியில் இரும்பும் இரும்பும் சேருகிற இடத்தில் வளையமாக உட்கார்ந்து, பள்ளத்தில் விழுகிற அடியை வாங்கிக்கொள்கிற சாமான் அது. மாமா அம்மாவின் தம்பி, பட்டறையில் வேலை பார்த்தவர். ரப்பர் புஷ்ஷே போதும், வருஷத்துக்கு ஒருதடவை மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்பாவுக்கு ரப்பர் என்றாலே இளக்காரம். காலமெல்லாம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி நம்ம குடும்பம் என்னத்தைக் கண்டது என்று கடைக்காரச் சீனரிடம் தமிழிலேயே கேட்டார். முதலாளியான அந்தத் தவுக்கே புரிந்ததுபோல் தலையாட்டிவிட்டு, உள்ளேயிருந்து வேறொரு வகையை எடுத்துவந்தார். சிவப்பு நிறம், நகம் இறங்காத கெட்டி.

பெட்டியில் எல்லாம் ஆங்கிலம். எங்கள் குடும்பத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், வயது பத்து. கரடுமுரடான பாதைக்கென்றே செய்தது, பத்து வருஷம் உழைக்கும் என்று போட்டிருந்தது. வாசித்த கையோடு கணக்கும் போட்டேன். ரப்பர் ஒரு தடவைக்கு நூற்றுத் தொண்ணூறு வெள்ளி. பத்து வருஷத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம். சிவப்பு ஒரேயடியாக அறுநூற்று நாற்பது.

“நீண்ட நாளைக்கு வரும் மச்சான், இல்லங்கல,” என்றார் மாமா. “ஆனா அது தேயாதுன்னா, அடியையும் வாங்காதுலா. அம்புட்டும் உள்ள உக்காந்திருக்கறவங்களுக்குத்தான் போகும்.”

அப்பா அதைக் காதில் வாங்கவில்லை. பெட்டியில் இருந்ததை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். எத்தனை வருஷம் என்று மறுபடியும் கேட்டார். பத்து என்றேன். அதற்குமேல் அவர் விலைகூடப் பேசவில்லை. விலை பேசாமல் அப்பா ஒரு சாமான் வாங்கி நான் பார்த்ததே இல்லை. என் ஆங்கிலத்துக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மாட்டிய பிறகு ஜீப் வளைவுகளில் ஆடாமல் ஓடியது. பள்ளி விடுமுறை, நான் பின்னால் அத்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போவேன். இரண்டாவது வாரம் ஒரு தலையணையோடு வந்தார். ஊசி குத்துகிற இடது கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார். எந்தப் பள்ளம் எங்கே என்று அவருக்கு மனப்பாடம். முப்பது வருஷம் அதே பாதையில் பால்வாளி தூக்கி நடந்தவர்.

ஒருநாள் திரும்பி வரும்போது, பாலத்தை ஒட்டிய பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. கைக்கட்டுக்கு அடியிலிருந்து ரத்தம் கசிந்து தலையணை உறையில் பரவியது. நான் கத்தினேன். அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஓடிவந்து, பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் ரத்தம் நின்றது.

“கல்லுமேல உக்காந்து போற மாதிரி இருக்கு தம்பி,” என்றார் அத்தை. “பழையபடி ரப்பரே போட்டுடேன்.”

நான் விடுவேனா? இது பத்து வருஷம் வரும், ரப்பர் ஒரே வருஷத்தில் போய்விடும் என்று கணக்கு முழுவதையும் ஒப்பித்தேன். அத்தை சிரித்துவிட்டார்.

“பத்து வருஷமாடா? எனக்கு ஒரு வருஷத்து சாமான் போதும்லா.”

அப்பா முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டு, நெடுநேரம் அடியில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். சக்கரத்தில் என்ன கோளாறு என்று நானும் எட்டிப்பார்த்தேன். ஒன்றும் இல்லை.

மறுவாரம் மாமா ரப்பர் புஷ் மாட்டினார். மாட்டுவதற்கு முன்னால் அத்தை ஒன்றைக் கேட்டு வாங்கி, கட்டைவிரலால் அழுத்தி, மூக்கருகே வைத்து மோந்தும் பார்த்தார். நல்ல பால் என்றார். அது சியாமிலிருந்து வந்தது அக்கா என்று மாமா சொன்னார். அதனாலென்ன, அங்கேயும் எவளோ ஒருத்தி விடியுமுன்னே எழுந்து வெட்டியிருப்பாள் என்றார் அத்தை.

கழற்றிய சிவப்பைத் தவுக்கே திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அப்பா அதைத் துடைத்து, அதே பெட்டியில் போட்டு அலமாரிமேல் வைத்தார். என் கணக்கில் பிழை இல்லை, பெரியவர்களுக்குத்தான் கணக்குத் தெரியவில்லை என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கடையில் அப்பா விலை பேசாமல் வாங்கியது எதை என்றோ, அத்தை சிரித்துக்கொண்டே வேண்டாம் என்றது எதை என்றோ எனக்கு விளங்கவில்லை.

அத்தை இருந்தவரை ரப்பர் புஷ் வாங்கியது இரண்டே தடவை. முந்நூற்று எண்பது வெள்ளி.