ஒரே பந்தலில் கட்டிய இரண்டு தாலி

சரசுவை என்னிடமிருந்து பிரித்து கிளேபாங்குக்குக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று தெரிந்த அன்றைக்கு, எனக்குச் செத்துப்போகத்தான் தோன்றியது. சப்பான்காரன் வந்து இரண்டாம் வருஷம், ஆடி மாதம்.

வெள்ளிக்கிழமை பூசைக்கு வருகிற அம்மாமார்களே, எனக்குக் கூட்டத்தில் எழுந்து பேச வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைதான் படித்தேன். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். யாராவது வாசித்து விடுங்கள்.

சரசு நான் பெற்ற பிள்ளை இல்லை. என் வீட்டுக்காரருடைய மூத்த தாரம் பிரசவத்திலேயே போய்விட்டாள். நான் இரண்டாம் தாரமாக வந்தபோது அது தவழ்ந்துகொண்டிருந்தது. என் மடிதான் அதற்குத் தெரியும். மலாக்காவில், காஜா பேராங்கில், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட வீடு எங்களுக்கு. அவர் ஒரு யாழ்ப்பாணத்து வக்கீல் ஐயா வீட்டில் தோட்ட வேலை பார்த்தார். சயாம் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடித்தபோது அவரையும் லாரியில் ஏற்றிவிட்டார்கள். "புள்ளைய பாத்துக்க" என்று ஒரு சொல்தான் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

மரவள்ளியை வேகவைத்துத் தின்றோம். என் கால் வீங்கிப்போயிருந்தது. அந்த நேரத்தில்தான் அவருடைய தம்பி மணியம் வந்து வாசலில் நின்றான். கிளேபாங்கில் சப்பான்காரனுக்குச் சாமான் அனுப்புகிற காண்ட்ராக்டர் ஒருவன் இருந்தான். அவன் வீட்டு வேலைக்கு ஒரு பெண் பிள்ளை கேட்டானாம். சரசுவுக்கு ஆறு வயசு. அந்த வீட்டுக்குப் போன பிள்ளைகளைப் பற்றி ஊர் பேசியதை நான் இங்கே எழுத மாட்டேன்.

"என் அண்ணன் பிள்ளைய நான் கொண்டுபோறேன். நீ யாரு கேக்கறதுக்கு?" என்றான்.

"நான் உனக்கு அண்ணி இல்லையா, தம்பி?"

"அண்ணி கிண்ணின்னு இனிமே வாயத் திறக்காத. அண்ணன் உன்ன கட்டுனாரா? சும்மா வச்சிருந்தாரு."

எங்கள் கம்பத்தில் குடியிருந்த அக்கம்பக்கத்து ஆட்கள் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக விடவில்லை. அதனால் அவன் கோர்ட்டுக்குப் போனான். எனக்காக வக்கீல் ஐயா நின்றார். "பயப்படாதே பிள்ளை. மெட்ராசிலும் மற்ற ஊர்களிலும் இப்படி வழக்கு நடந்திருக்கு. அந்தத் தீர்ப்புகளைக் காட்டுவம்" என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மெட்ராசில் யாரோ சொன்னது மலாக்காவில் என் பிள்ளையை எப்படிக் காப்பாற்றும்?

வழக்குக்கு முந்தின நாள் மாரியம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன். விளக்குக்கு எண்ணெய் கிடையாது. சன்னதி இருட்டாக இருந்தது. "தாயே, எனக்கு வாய் வராது. நாளைக்கு நீ பேசு" என்று மட்டும் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

பண்டார் ஹிலிர் கோர்ட்டில் பின்வரிசையில் ஒரு சப்பான் அதிகாரி வாளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எல்லாரும் மெதுவாகத்தான் பேசினார்கள். மணியத்தின் வக்கீல் முதலில் எழுந்தார். மெட்ராஸ் கோர்ட்டுத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது, ஓமம் வளர்த்து அக்கினியைச் சுற்றி வந்தால்தான் இந்துக் கலியாணம், இந்தப் பெண்ணுக்கு அது நடக்கவில்லை, ஆகவே இவள் வைப்புதான் என்றார். அக்கினி நாங்கள் வளர்க்கவில்லைதான். கோயில் பந்தலில் பூசாரி கற்பூரம் காட்டினார், என் வீட்டுக்காரர் தாலி கட்டினார். எங்கள் சனம் எல்லாருக்கும் அப்படித்தான்.

எங்கள் ஐயா எழுந்தார். அதே மெட்ராசில் இன்னொரு தீர்ப்பு உண்டு, ஓமம் இல்லாத சாதிகளுக்கு அவரவர் வழக்கமே போதும் என்றார். சிலோனிலும் ஒரு தீர்ப்பு இருக்கிறதாம். புருஷன் பெண்சாதியாக வாழ்ந்து ஊரும் ஒத்துக்கொண்டால் அது கலியாணம்தானாம்.

மணியத்தின் வக்கீல் பின்வரிசையைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் வெள்ளைக்காரன் கோர்ட்டுத் தீர்ப்பு. வெள்ளைக்காரன்தான் ஓடிப்போயிட்டானே" என்றார்.

"நீங்க காட்டுனது மட்டும் யாரு கோர்ட்டு?" என்று நீதிபதி கேட்டார். அவர் நம் ஆள்தான். கேட்டுவிட்டு அவரே பயந்துபோய்க் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "வேற ஊர்த் தீர்ப்பு எதுவும் என்னைக் கட்டாது. ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டேன். இந்த ஊர்ல இவங்க சனம் எப்படிக் கட்டுறாங்க? அதச் சொல்ல ஆள் இருக்கா?"

கட்டி வைத்த பூசாரி காய்ச்சலில் செத்துப்போயிருந்தார். பந்தலில் இருந்த ஆண்களில் பாதிப் பேர் சயாமில். என்னைக் கூப்பிட்டார்கள். கூண்டில் ஏறினேன்.

"சொல்லும்மா."

ஒரு சொல்லும் வரவில்லை.

மணியம் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தான். "பாத்தீங்களா துவான். சொல்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப நான் யாரு?"

கோர்ட்டே திரும்பிப் பார்த்தது. மணியத்தின் பெண்சாதி பச்சையம்மா எழுந்து நின்றிருந்தாள். நிறைமாதம். புருஷன் முன்னால் நிமிர்ந்தும் பார்க்காதவள்.

"உக்காருடி கழுத!"

"உக்கார மாட்டேன். அக்காவுக்கும் எனக்கும் ஒரே நாளு, ஒரே பந்தலு, ஒரே பூசாரி. ரெண்டாந்தாரத்துக்குத் தனியா எதுக்குச் செலவுன்னு மாமியாதான் சேத்து வச்சாங்க. பெரியவரு முதல்ல அக்காவுக்குக் கட்டுனாரு, அப்புறந்தான் இவரு எனக்குக் கட்டுனாரு. நெருப்பும் இல்ல, கிருப்பும் இல்ல. அக்கா வைப்புன்னா நானும் வைப்புதான். என் வயித்துல இருக்கறது யாரு புள்ளன்னு இவரையே கேளுங்க!"

நீதிபதி மணியத்தைப் பார்த்தார். "உன் கலியாணத்துல ஓமம் வளத்தாங்களா?"

அவன் தன் வக்கீலைப் பார்த்தான். வக்கீல் காகிதத்தைப் பார்த்தார்.

"இல்ல, துவான்."

"இந்தப் பொண்ணு உனக்கு யாரு?"

"பெண்சாதி, துவான்."

"அப்ப கூண்டுல நிக்கிறவங்க?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "அண்ணி" என்றான்.

தகப்பன் திரும்பி வரும்வரை பிள்ளை என்னிடமே இருக்கட்டும் என்று தீர்ப்பானது. தகப்பன் திரும்பவில்லை. சயாமில் எந்த இடத்தில் கிடக்கிறார் என்று இன்றுவரை தெரியாது.

பேசினதற்குப் பச்சையம்மா பட்டது கொஞ்சமில்லை. அன்று ராத்திரியே அடித்து வெளியே தள்ளிவிட்டான். என் வீட்டுக்குத்தான் வந்தாள். அங்கேயே பெண் பிள்ளை பெற்றாள். சப்பான்காரன் போவதற்கு முன்னாலேயே உடம்பு வீங்கிச் செத்துப்போனாள். அவளுக்குச் சோறு போட எனக்கு முடியவில்லை. மரவள்ளிதான் கொடுத்தேன். அவள் பிள்ளையையும் சரசுவையும் ஒன்றாக வளர்த்தேன். இரண்டு பேருக்கும் கலியாணம் செய்து, அதைப் பதிவும் செய்து வைத்தேன்.

நான் "நீ பேசு" என்றுதான் அம்மனிடம் கேட்டேன். அவள் பேசினாள். அந்தக் கோர்ட்டில் பேசினால் அதிகம் இழக்கப் போகிறவள் யாரோ, அவள் வாயில் வந்து பேசினாள். அதை நினைத்தால் சந்தோஷப்படவும் பயமாக இருக்கிறது.

அன்றிலிருந்து, வாய் வராமல் நிற்கிற பெண் யாராக இருந்தாலும் நான் போய்ப் பக்கத்தில் நிற்கிறேன். இப்போதும் எனக்கு வாய் வராதுதான். உங்களில் யாருக்காவது அப்படி ஒரு கஷ்டம் இருந்தால் அம்மனிடம் சொல்லிவிட்டு வாருங்கள், நானும் கூட வருகிறேன். விளக்கேற்றும்போது பச்சையம்மாவுக்கு என்று ஒரு திரி சேர்த்துப் போடுங்கள்.