முழு முகவரி

சிவில் கோர்ட்டில் இருபது வருடம் குப்பை கொட்டியவன் நான். கதவு எண், தெரு, பின்கோடு என்று ஒன்று குறைந்தாலும் மனுவைத் திருப்பிவிடுவேன். வக்கீல்கள் எனக்கு ‘ரிட்டர்ன் ராசா’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். எனக்கு அதில் பெருமைதான். குடும்ப வன்முறை வழக்குகளுக்கென்று தனி கோர்ட் திறந்து என்னை அங்கே கிளார்க்காக மாற்றியபோது, அந்தப் பெருமையையும் தூக்கிக்கொண்டு போனேன்.

முதல் வாரமே பாண்டீஸ்வரி வந்தாள். பண்ணைப்புரத்துக்காரி. புருஷன் அடித்ததில் இடது காது கேட்காது. பாதுகாப்பு உத்தரவு கேட்டு எழுதிய மனுவில் வக்கீல் ஆபீஸ் முகவரி மட்டும் இருந்தது.

“இப்ப எங்கனம்மா குடியிருக்க? அதைச் சொல்லு. இல்லாட்டி மனு நிக்காது.”

“அவசியம் சொல்லணுமா சார்?”

“ரூல் அப்படி.”

அப்படி ஒரு ரூல் கிடையாது. பழைய கோர்ட்டில் எனக்குப் பழகிப்போன வழக்கம், அவ்வளவுதான்.

தயங்கித் தயங்கிச் சொன்னாள். மேகமலையில் ஒரு எஸ்டேட், லைன் வீட்டு நம்பர் உட்பட. மனுவில் என் கையாலேயே எழுதிச் சேர்த்தேன். நோட்டீஸோடு மனு நகலும் புருஷனுக்குப் போனது.

வாய்தா அன்று இருவரும் வந்தார்கள். பாண்டீஸ்வரியின் வலது கை மாவுக்கட்டில் இருந்தது. மாஜிஸ்ட்ரேட் அம்மா அதைப் பார்த்துவிட்டு அவனைக் கேட்டார்.

“இவங்க இருக்கிற இடம் உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் பதறவே இல்லை. சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினான்.

“கோர்ட்டுல இருந்துதாம்மா அனுப்புனாக. வீட்டு நம்பரெல்லாம் போட்டிருந்தாக.”

என் கையெழுத்து. மாஜிஸ்ட்ரேட் அன்றே உத்தரவு போட்டு, அவனைப் போலீசிடம் ஒப்படைத்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

வராந்தாவில் பாண்டீஸ்வரி முன்னால் போய் நின்றேன். அவளே சொன்னாள்.

“நான் அங்கன இருக்கிறது எங்க ஆத்தாவுக்குக்கூடத் தெரியாது சார். ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மனுவை வாங்கியதும் பின்கோடைத் தேடாதீர்கள். “இந்த அட்ரஸ் அவருக்குத் தெரியலாமா?” என்று முதலில் கேளுங்கள். தெரியக்கூடாது என்றால் எழுதாதீர்கள்.

இறுதி உத்தரவு வந்த நாளில் பாண்டீஸ்வரியிடம், நகலை எங்கே அனுப்பட்டும் என்று கேட்டேன்.

“எங்கயும் அனுப்பாதீக சார். நானே வந்து வாங்கிக்கிறேன்.”