ரிங் ரோட்டில் யாரும் குடியிருப்பதில்லை

போன திங்கட்கிழமை காலை என் மனைவி சுமதி எங்கள் காரின் இடது பக்கக் கதவைத் திறந்தாள். ஏறப்போகிறாள் என்று நினைத்து, சீட்டில் கிடந்த லேப்டாப் பையை அவசரமாகப் பின்னால் தூக்கிப் போட்டேன். அவள் ஏறவில்லை. சீட்டில் சாய்த்து வைத்திருந்த முதுகுத் தலையணையை எடுத்துக்கொண்டாள். கதவை மூடினாள். கேட்டுக்கு வெளியே நின்ற வேறொரு காரில் ஏறிப் போய்விட்டாள்.

பதற வேண்டாம். டாக்ஸிதான்.

ஆனால் நான் பதறினேன். அவள் டாக்ஸியில் ஆபீஸ் போக ஆரம்பித்தே சில வாரங்கள் ஆகின்றன. ‘கொஞ்ச நாளைக்கு’ என்றுதான் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளைக்குப் போகிறவர்கள் தலையணையைக் கையோடு எடுத்துப் போவார்களா என்ன?

எங்கள் வீடு செகந்திராபாத் சைனிக்புரியில். இருவருக்கும் ஆபீஸ் ஊரின் மறுகோடியில், மாதாப்பூரில். கம்பெனிகள் வேறு, பார்க்கிங் வேறு, ஆனால் போவதும் வருவதும் ஒரே காரில். ஒரு வழிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். செகந்திராபாத்தில் இருந்து அந்தப் பக்கம் போகிற எல்லோரும் அந்த டிராஃபிக்கை வாய் வலிக்கத் திட்டுவார்கள். நான் திட்டியதே இல்லை. ஏனென்றால் நாங்கள் பேசிக்கொள்வது அங்கேதான்.

வீட்டில் என்ன பேசுகிறோம்? ‘மோட்டார் போட்டாச்சா?’, ‘கேஸ் சொல்லியாச்சா?’... அவ்வளவுதான். மகளிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும், அதுவும் ஹெட்போனைக் கழற்றினால். மற்றபடி ஆளுக்கொரு ஸ்கிரீன். கார் கிளம்பி, காலனி கேட்டைத் தாண்டியதும்தான் சுமதி வாயைத் திறப்பாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நாங்கள் சேர்ந்து எடுத்த பெரிய முடிவுகள் எல்லாமே திருமுல்கேரி சிக்னலுக்கும் பாலாநகர் பாலத்துக்கும் நடுவில் எடுத்தவை.

அந்த ஒன்றரை மணி நேரத்தைத்தான் நானே ஸ்பேனர் போட்டுக் கழற்றிவிட்டேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் டிராக் பைத்தியம் தெரியும். சொந்தக் காரை ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்க விடுகிற நாட்கள் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை, மிஞ்சிப்போனால் இரண்டு தடவை போவேன். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. ஐம்பதை நெருங்குகிற ஆட்கள் ஹெல்மெட்டுக்குள் வியர்த்துவிட்டு வருவார்கள். போன வருடம் ஒரு வளைவில் என் செடான் ஒரு பக்கமாகப் படகு மாதிரிச் சாய்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு சின்ன ஹேட்ச்பேக் உள்பக்கமாகப் புகுந்து என்னைத் தாண்டிப் போனது. ஓட்டியவர் அல்வாலில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு பல் டாக்டர் பெண். இறங்கி வந்து சிரித்தபடி, “குட் டிரைவிங், அங்கிள்” என்றார்.

அங்கிள்.

அன்றைக்கே முடிவெடுத்துவிட்டேன். சஸ்பென்ஷனை மாற்றியே தீருவது. என் ஓட்டுதலில் குறை இருக்கலாம் என்று ஒரு நொடியாவது தோன்ற வேண்டுமே... தோன்றவில்லை.

சஸ்பென்ஷன் பெரிய விஷயமில்லை. ரோட்டுக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான். மெத்தென்று இருந்தால் குழி தெரியாது, ஆனால் வளைவில் கார் சாயும். கெட்டியாக இருந்தால் கார் சாயாது, ஆனால் அத்தனை குழியும் நம் முதுகெலும்பில் வந்து இறங்கும். இதைக் கொடுத்தால்தான் அது கிடைக்கும். இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் தேவையில்லை. என்னிடம் இன்ஜினியரிங் டிகிரி இருந்தது, அதனால் புரியவில்லை.

மாதக்கணக்கில் படித்தேன். எங்கள் டிராக் வாட்ஸப் குரூப்பில் கேட்டேன். ஸ்பிரிங்கை மட்டும் மாற்று என்றார் ஒருவர். ஐயோ, ஷாக்கோடு சேர்த்து மாற்று என்றார் இன்னொருவர். இரண்டும் சேர்ந்தே வருகிற காயிலோவர் செட்தான் ஒரே வழி, அதில்தான் வேண்டியபடி அட்ஜஸ்ட் பண்ணலாம் என்றார் மூன்றாமவர். நல்ல டயர் போட்டாலே போதுமே என்று ஒருவர் அடக்கமாகச் சொன்னார். அவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. உருப்படியான யோசனைக்கு நம் குரூப்புகளில் என்ன மரியாதை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாதா?

சுமதிக்கு இடுப்பில் டிஸ்க் கோளாறு உண்டு. அவளிடம் கேட்காமல் செய்யவில்லை, அந்தப் பழியாவது என்மேல் வேண்டாம்.

“என்னவோ பண்ணிக்கோங்க. என் இடுப்புக்கு மட்டும் ஒண்ணும் ஆகக்கூடாது.”

“அதுக்குத்தான் அட்ஜஸ்டபிள் வாங்கறேன். ஒரு நாப் இருக்கு. இப்படித் திருகினா ஹார்ட், அது டிராக்குக்கு. அப்படித் திருகினா சாஃப்ட், அது உனக்கு.”

“ரெண்டும் ஒரே கார்லயா?”

“ரெண்டும் ஒரே கார்ல.”

“ம்” என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

அப்சல் பாய் எங்கள் மெக்கானிக். கீசரா பக்கம், அவுட்டர் ரிங் ரோட்டின் சர்வீஸ் ரோட்டை ஒட்டி ஷெட் வைத்திருக்கிறார். கன்டோன்மென்ட் தமிழ்க் குடும்பங்களின் வண்டிகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குத் தமிழும் பழகிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காயிலோவரை மாட்டினார். கழற்றிய பழைய செட்டைக் காலால் ஓரமாகத் தள்ளி, “இது என்ன பண்ண சாப்? நல்லா இருக்கு இன்னும்” என்றார்.

“என்னவோ பண்ணுங்க பாய். எனக்கு நக்கோ, வேணாம்.”

பிறகு டிரையல். இந்த ஊரில் எந்த வண்டியை வாங்கினாலும், எந்த வண்டியை ரிப்பேர் செய்தாலும், ஓட்டிப் பார்க்க எங்கே போவோம்? ரிங் ரோட்டுக்கு. நேராக இருக்கும், வழவழவென்று இருக்கும், ஆளைப் பார்க்க முடியாது. சுமதியையும் ஏற்றிக்கொண்டு கீசராவில் ஏறி ஷாமீர்பேட் வரை போனேன். கார் தண்டவாளத்தில் போவதுபோல் போனது. லேன் மாறினால் ஒரு அசைவு இல்லை.

“எப்படி இருக்கு?” என்றேன்.

“நல்லாத்தான் இருக்கு. இடுப்புக்கு ஒண்ணும் தெரியல.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்சல் பாய்க்குப் போன் போட்டு, இதே செட்டிங் இருக்கட்டும் என்றேன். “ஹவ் சாப், ஏக்தம் மக்கன்” என்றார். அசல் வெண்ணெய் என்று அர்த்தம். வெண்ணெய்தான், ரிங் ரோடு இருக்கும் வரை. ஷாமீர்பேட்டில் இறங்கி ஊருக்குள் நுழைந்து, எங்கள் காலனியின் முதல் ஸ்பீடு பிரேக்கரில் ஏறியதும் ‘டங்’ என்று ஒரு சத்தம். சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“புதுசு இல்ல, போகப் போக செட்டாயிடும்” என்றேன்.

என் பேச்சை நானே நம்பினேன் என்பதுதான் இதில் கொடுமை. ரிங் ரோட்டில் யாராவது குடியிருக்கிறார்களா? இருப்பது சைனிக்புரியில். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்காக உண்டான காலனி. ஒழுங்கு அவர்கள் ரத்தத்தில் இருக்கிறது, அது திருப்பத்துக்குத் திருப்பம் ஸ்பீடு பிரேக்கராக முளைத்திருக்கிறது. அதைத் தாண்டினால் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய ரோடு. அதையும் தாண்டினால், தோண்டி மூடாத ரோடு.

மறுநாள் காலை ஆபீஸ் போகும்போது, வழக்கம்போல் கேட்டைத் தாண்டியதும் சுமதி ஆரம்பித்தாள்.

“அக்கா நேத்து போன் பண்ணா. டாக்டர் என்ன சொல்றாராம்னா...”

டங்.

ஜன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி ஆரம்பித்தாள். திருமுல்கேரி வந்தது. மறுபடி டங். நான் வேறு, முன் பக்கம் வலது சக்கரத்தில் இருந்து வரும் சத்தம் ஸ்பிரிங்கா ரப்பர் புஷ்ஷா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்.

“விடுங்க. அப்புறம் சொல்றேன்” என்றாள்.

அந்த வாரம் முழுக்க ‘அப்புறம்’தான். பேச்சைத் தொடங்குவாள், ரோடு முடித்து வைக்கும். வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் இறங்கியபோது கதவைப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள். இடுப்பு நிமிரவில்லை.

அன்று மாலையே நாபை சாஃப்ட் பக்கம் முழுக்கத் திருகினேன். அப்போதுதான் விஷயம் உறைத்தது. நாப் மாற்றுவது ஷாக் அப்சார்பரை மட்டும். ஸ்பிரிங் என்னவோ அதே கெட்டிதான். கெட்டி ஸ்பிரிங்கை அடக்க ஷாக்குக்குத் தெம்பு இல்லாவிட்டால் கார் என்ன செய்யும்? ஒரு பள்ளத்தில் இறங்கினால் போதும், குதித்துக்கொண்டே இருக்கும். நான் படித்த அத்தனை இடத்திலும் இது எழுதியிருந்தது. மற்றவர்களுக்காக எழுதியது என்று நினைத்துவிட்டேன். முன்பு இடுப்பு மட்டும் வலித்த சுமதிக்கு இப்போது வாந்தியும் வந்தது.

அடுத்த திங்கட்கிழமை அவள் டாக்ஸி பேசிவிட்டாள். யாதகிரி என்று ஒருவர், மாத வாடகைக்கு. சண்டை போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

சரி, அந்த டிராக்காவது? போனேன். முன்பெல்லாம் சுமதியும் கூட வந்து, குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, நான் இறங்கியதும் ‘முடிஞ்சுதா, சாப்பிடலாமா?’ என்பாள். இந்த முறை அந்தக் காரில் அவ்வளவு தூரம் வர அவளால் முடியாது. கார் அந்த வளைவில் துளிகூடச் சாயவில்லை. நெஞ்சு நிமிர்ந்தது. அந்த நேரம் பார்த்து அதே ஹேட்ச்பேக், அதே உள்பக்கம், அதே பல் டாக்டர். ஓட்டி முடித்ததும் நானே போய், என்ன சஸ்பென்ஷன் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“கம்பெனில இருந்து வந்ததுதான் அங்கிள். டயர் மட்டும் மாத்தினேன்.”

சொல்ல வேண்டும் என்று போனைக் கையில் எடுத்தேன். சொன்னால் சுமதி விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஆனால் இது காரில் போகும்போது சொல்ல வேண்டிய கதை. போனைச் சட்டைப் பையிலேயே போட்டுக்கொண்டேன்.

இந்த நிலையில்தான் தலையணையும் போனது. எனக்கு வெறுத்துவிட்டது. சனிக்கிழமை கீசராவுக்கு ஓடினேன்.

“பழைய செட்டையே திரும்ப மாட்டிடுங்க பாய். டிராக்கும் வேணாம், ஒண்ணும் வேணாம்.”

அப்சல் பாய் கையைத் துடைத்துக்கொண்டே, “அது போச்சே சாப்” என்றார். “நீங்கதானே என்னவோ பண்ணுன்னு சொன்னீங்க. யாதகிரி வண்டில மாட்டிட்டேன். சேம் மாடல்.”

“எந்த யாதகிரி?”

“மேடம் டெய்லி போறாங்க இல்ல, அந்த யாதகிரிதான்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார். “மேடம்தான் போன்ல கேட்டாங்க, நம்ம பழைய ஷாக் இப்ப எந்த வண்டில இருக்குன்னு. சொன்னேன். உங்களுக்குத் தெரியாதா சாப்?”

வீட்டுக்கு வந்தேன். சுமதி டைனிங் டேபிளில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“தெரிஞ்சேதான் அந்த வண்டியப் பிடிச்சியா?”

“ஆமா.” கத்தி நிற்கவில்லை. “நான் ஒண்ணும் காரை மாத்தலைங்க. பழகின கார்லதான் போறேன். நீங்கதான் வேற கார்ல போறீங்க.”

புது ஒரிஜினல் செட் வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அதையும் சொல்லிப் பார்த்தேன்.

“மாட்டிக்கோங்க, நல்லதுதான்” என்றாள். “ஆனா யாதகிரிய இப்ப நிறுத்த முடியாது. நம்மள நம்பி அவர் காலைல வேற சவாரி எடுக்கறதில்ல.”

இன்று காலை யாதகிரி கொஞ்சம் சீக்கிரமே வந்துவிட்டார். சுமதி இன்னும் கீழே வரவில்லை. நான் கேட்டருகே நின்றிருந்தேன். மரியாதையாக இறங்கி வந்து தெலுங்கில் கேட்டார். “சார், அக்காகாரிக்கி ஆபரேஷன் பாகா அயிந்தா?”

அக்காவுக்கு ஆபரேஷன் நல்லபடி முடிந்ததா என்று கேட்கிறார். எந்த அக்கா? என்ன ஆபரேஷன்? அதற்குள் சுமதி வந்துவிட்டாள். அவருக்கு அவளே பதில் சொன்னாள். வேலூரில் இருக்கிற அவள் அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, வெள்ளிக்கிழமை ஆபரேஷன் முடிந்துவிட்டது, நேற்றிலிருந்து எழுந்து நடக்கிறாள். யாதகிரி மேலே பார்த்துக் கும்பிட்டார்.

“எங்கிட்ட சொல்லவே இல்லையே சுமதி.”

“சொல்ல ஆரம்பிச்சேங்க. திருமுல்கேரி பிரேக்கர் வந்துடுச்சு.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஏறி உட்கார்ந்தாள், தலையணையை இடுப்புக்குக் கொடுத்தாள். வண்டி நகர்ந்தது. காலனியின் முதல் பிரேக்கரில் மெதுவாக ஏறி, மெதுவாக இறங்கியது. பின் கண்ணாடி வழியே அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது தெரிந்தது. பிரேக்கரில் ஏறியபோதும் அவள் பேச்சை நிறுத்தவில்லை.

நானும் கிளம்பினேன். டிராக்குக்காகவே கார் வைத்திருப்பவர்கள் எடையைக் குறைக்க இடது பக்க சீட்டைக் கழற்றி வைத்துவிடுவார்கள்... எனக்கு அந்த வேலை மிச்சம்.